வின்சென்டி போன ரயில்

சுரங்கக் காலனி, வடக்கு பிரான்ஸ்
1934 டிசம்பர் 16, ஞாயிறு

அன்பு மகன் இக்னாசிக்கு,

இயேசுவுக்கே புகழ். இந்தக் கடிதம் வரும்போது நீ சளி காய்ச்சல் இல்லாமல், இரண்டு காலையும் சமமாக ஊன்றி நிற்கிறாய் என்று நம்புகிறேன். நானும் அப்பாவும் உடம்பால் சௌக்கியம். மற்ற சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை வாசல் கதவைக் கழுவியது. அடுப்புகூட மூட்டவில்லை. பால் பாத்திரத்தை வெளியே வைக்கக் கதவைத் திறந்தேன், மூன்று ராஜாக்கள் திருநாளில் மந்திரித்த சாக்கட்டியால் நிலைக்கு மேல் எழுதுவோமே, அந்த எழுத்துகள் பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தன, அதற்குக் கீழே கதவுப் பலகையில் யாரோ கரித்துண்டால் பெரிதாக ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள். “கோல்!” அவ்வளவுதான். உள்ளே போய் வாளியில் தண்ணீரும் சோடா உப்பும் எடுத்துவந்து தேய்த்தேன். இரவு வேலை முடிந்து அப்பா திரும்புவதற்குள் போய்விட வேண்டுமே என்று கை விறைக்க விறைக்கத் தேய்த்தேன். போய்விட்டது, ஆனால் அந்த இடம் மட்டும் மற்ற பலகையைவிட வெளுத்துவிட்டது. அப்பா வந்து பார்த்துவிட்டு, “என்ன, ஞாயித்துக்கிழமை கதவக் கழுவியிருக்க?” என்று கேட்டார். கிறிஸ்துமஸ் வருதே என்றேன். ஒன்று சொல்கிறேன் இக்னாசி, எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த முதல் எழுத்தின் வாலைச் சுழித்துவிடும் விதம் எனக்குத் தெரியும். இந்தக் காலனியில் போலிஷ் எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் சுழியைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

போன வாரம் நீ அனுப்பிய அட்டையில் கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன், எல்லாம் நல்லபடி முடிந்தது, நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். எது நல்லபடி முடிந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தது பாதிதான், அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நீ சந்தோஷமாக ரயில் ஏறி வந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது, அதனால் மீதியை எழுதுகிறேன்.

இந்தப் பந்தோடு எனக்கு எந்தக் காலத்திலும் சமாதானம் இருந்ததில்லை, அது உனக்குத் தெரியும். ஜெர்மனியில், வெஸ்ட்ஃபாலியாவில் அந்த இருட்டு முற்றத்தில் நீ கந்தல் துணியைச் சுருட்டிக் கயிறு கட்டி உதைப்பாய், நான் பிடுங்கி அடுப்பில் போடுவேன், நீ மறுநாள் வேறொன்று செய்வாய். போஸ்னானில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டுச் சுரங்கத்தொழிலாளியைக் கட்டிக்கொண்டு போனவள் என்று என் வீட்டார் என்னை விட்டுவிட்டார்கள், அதற்குப் பதிலாக என் பிள்ளையையாவது பூமிக்கு மேலே நிறுத்திக் காட்டுவேன் என்று ஒரு வீம்பு எனக்கு. இங்கே வந்தோம், உனக்குப் பத்து வயது, பிரெஞ்சுப் பையன்கள் உன்னை ஜெர்மன் பன்றி என்று கூப்பிட்டார்கள், நீ அழாமல் அவர்களிடமிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாய், அவர்கள் துரத்தத் துரத்த ஓடினாய், அப்படித்தான் நீ ஆட்டக்காரன் ஆனாய் என்று அடுத்த வீட்டு வின்சென்டி ப்ளூட்டா எல்லோரிடமும் சொல்வார். அவர்தான் நம் காலனி அணியில் கோல் காப்பவர். உன் அப்பாவோடு குழிக்குள் ஒரே கரிச்சுவரில் ஜோடியாக வேலை செய்துவிட்டு மேலே வந்து, முகம்கூடக் கழுவாமல், சந்தில் இரண்டு மழைத்தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு நடுவே நின்று, “வாடா, என்னத் தாண்டி ஒண்ணு போடு, அப்பறம் சாப்பிடப் போலாம்” என்பார். வெள்ளை முழியும் பல்லும் மட்டும் தெரியும். அவர் மனைவி அகாத்தா சூப் ஆறுகிறது என்று கத்துவாள்.

பதினான்கு வயதில் நீயும் குழிக்குள் இறங்கினாய். என் வீம்பு அன்றைக்கு உடைந்தது. மூன்று வருஷம் கழித்துப் பிரெஞ்சுக்காரர்கள் ஆடும் கம்பெனி அணிக்கு எதிராக நம் காலனி ஆடியது, நீ போட்ட கோலைப் பார்த்துவிட்டு என்ஜினியர் லெகாம் மறுநாளே உன்னைக் கூப்பிட்டுக் கம்பெனி சட்டையைக் கொடுத்தார், கூடவே மேலே விளக்கறையில் வேலையும் கொடுத்தார். ஒரு சட்டை மாற்றினால் என் பிள்ளை வெளிச்சத்தில் நிற்பான் என்றால் மாற்றட்டுமே என்று நான் நினைத்தேன். பீர்க் கடையில் பேசியது வேறு. “விளக்குத் துடைக்கறதுக்குத் தாய்மொழிய வித்துட்டான்” என்றார்கள். அடுத்த ஆட்டத்தில் நீ கம்பெனி சட்டையோடு வின்சென்டிக்கே கோல் போட்டாய், நம் ஆட்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவர் மட்டும் பந்தை வலையிலிருந்து எடுத்துவந்து உன் கையில் கொடுத்து, “நல்லாத்தான்டா போட்ட. ஆனா இனிமே எங்க வீட்டு சூப்புக்கு வந்தா உப்பு அதிகமா இருக்கும், பாத்துக்க” என்றார். நீ அன்று சாயங்காலமே போய்ச் சாப்பிட்டாய்.

அப்புறம் தெற்கத்திக் கிளப் ஒன்றுக்கு ஆள் பிடிக்கத் தொப்பி வைத்த அந்த மனிதர் வந்தார். ஆடுவதற்குச் சம்பளம், திருட்டுத்தனமாக இல்லை, ஊரறியச் சம்பளம், கம்பெனி அணியில் அப்போது அது கிடையாது. உன் அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது, “உதைக்கறதுக்குக் கூலின்னா எங்க குழிக்குள்ள இருக்கற குதிரையெல்லாம் இந்நேரம் பணக்காரன் ஆயிருக்கணும்.” அணியில் வெளிநாட்டுக்காரர்கள் இத்தனை பேர்தான் ஆடலாம் என்பதால் உன்னைப் பிரெஞ்சுக்காரன் ஆக்கினார்கள், உனக்கு வயது நிரம்பாததால் அந்தத் தாளில் அப்பா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார். பேனாவை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் புறாக்களோடு உட்கார்ந்துகொண்டார். அந்த ஞாயிறு பூசையில் சாமியார், மொழியை விற்றவன் நாளைக்கு ஞானஸ்நானத்தையும் விற்பான் என்று பிரசங்கம் வைத்தார், பெயர் சொல்லவில்லை, எல்லாத் தலைகளும் எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பின. ஆனாலும் திங்கட்கிழமைதோறும் உன் அப்பா பீர்க் கடைக்குப் போவார், அவருக்குப் பிரெஞ்சு படிக்க வராது, வின்சென்டியைப் பத்திரிகை படிக்கச் சொல்வார். நீ கோல் போடாத வாரங்களிலும் வின்சென்டி நீ போட்டதாகப் படிப்பார். அப்பாவுக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

நீ எழுதுவதிலிருந்து உன் வாழ்க்கை எனக்கு ஓரளவு புரிகிறது. காலையில் பயிற்சி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் ஒரு ஹங்கேரிக்காரனோடும் இரண்டு ஆங்கிலேயரோடும் விடுதியில் சீட்டாட்டம், ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் ரயில். ஜெயித்தால் கடைக்காரன் சிகரெட்டுக்குக் காசு வாங்க மாட்டான், தோற்றால் அதே கடைக்காரன் போலாக்கு என்று நம் இனத்தைத் திட்டித் துப்புவான். காலில் அடிபட்டு ஆடாத வாரத்துக்குச் சம்பளம் பாதி. இதை நீ சிரிப்பாக எழுதியிருந்தாய், நான் சிரிக்கவில்லை. போன கோடையில் வெள்ளைச் செருப்பும் தொப்பியுமாக வந்து எனக்கு விலங்கு ரோமத்தில் காலர் வைத்த கோட்டு கொடுத்தாய். அதைப் போட்டுக்கொண்டு இந்தத் தெருவில் நான் எங்கே போவேன்? அலமாரியில் இருக்கிறது. அந்துப்பூச்சி வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கரி விற்பதில்லை என்று வாரத்தில் சில நாள் வேலையே இல்லை. வேலை குறைந்தால் முதலில் யாரை அனுப்புவார்கள், எங்களைத்தான். செப்டம்பரில் மேஸ்திரியோடு வாய்ச்சண்டை போட்டதற்காக நம் ஆட்கள் இருவரை நீக்கியபோது ஒரு ஷிஃப்ட்டே மேலே வர மாட்டோம் என்று ஓர் இரவு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. உன் அப்பா அதில் இருந்தார். இருந்தார் என்ன, அவர்தான் முதலில் உட்கார்ந்தவர். வின்சென்டி அதில் இல்லை, அவர் அந்த வாரம் முழுக்க நிமோனியாவில் படுத்திருந்தார், நான்தான் அகாத்தாவுக்குத் துணையாக அவருக்குக் கடுகுப் பற்றுப் போட்டேன். இது உனக்கு நினைவிருக்கட்டும். நவம்பரில் பெயர்கள் வந்தன. குடும்பத்தோடு போலந்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், ரயிலில், கையில் தூக்க முடிந்ததோடு. திருப்பி என்ன திருப்பி? உன் அப்பா வெஸ்ட்ஃபாலியாவில் பிறந்தவர். போலந்தை அவர் என் வகுப்பறைச் சுவரில் படமாகத்தான் பார்த்திருக்கிறார். அவர் பெயர் மூன்றாவதாக இருந்தது.

அந்த வாரம் அப்பா புறாக்களை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தார். நான் பாத்திரங்களைப் பிரித்தேன். பிறகு ஒரு நாள் மத்தியானம், அப்பா குழியில் இருக்கும்போது, என்ஜினியர் லெகாம் வந்தார். இந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், நான் காப்பி கொடுத்தேன், குடித்தார். “உங்க வீட்டுக்காரர் பேரை எடுத்தாச்சு, மேடம். இனிமே கவலை வேண்டாம். எங்க ஆள் தெற்கே போய் இக்னாஸைப் பார்த்தார், பையன் ஒரே வார்த்தையில ஒத்துக்கிட்டான். அடுத்த வருஷம் நம்ம கிளப்பும் சம்பள ஆட்டக்காரங்களோட இறங்குது. நம்ம ஊர்ப் பையன் தெற்கத்திக்காரங்களுக்கு ஏன் ஆடணும், சொல்லுங்க?” என்றார். நம்ம ஊர்ப் பையன். ஒப்பந்தம் முப்பத்தைந்து வயது வரை என்றார், அதுவரை கிளப் விட்டால்தான் நீ வேறெங்கும் ஆடலாம், கிளப் விடாது என்றார், பெருமையாகத்தான் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது கையெழுத்து. பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “ஆட்டம் முடிஞ்சதும் என்ன செய்வான்னு பயப்படாதீங்க. சுரங்கத்துல அவனுக்கு இடம் எப்பவும் உண்டு” என்றார்.

அவர் எழுந்து போகும்போது நான் கேட்டேன், எங்கள் பெயரை எடுத்தால் அந்த இடத்தில் யார் பெயர்? “எண்ணிக்கை மேலிடத்துல முடிவானது, அதைக் குறைக்க முடியாது. அது உங்க கவலை இல்ல, மேடம்” என்றார். கதவை அவரே சாத்திக்கொண்டு போனார்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. உன் கால்தான் நம் வீட்டைக் காப்பாற்றியது என்று எந்த வாயால் சொல்வது? அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, பட்டியலில் உன் பெயர் இல்லை, போ என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவர் காரணத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டார். கரி வெட்டுகிறவன் வேறெந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பான்? தன் கை என்று நினைத்துவிட்டார். இந்தக் கை இல்லாமல் அந்தச் சரிந்த கரிச்சுவரை யாராலும் வெட்ட முடியாது, அது அவர்களுக்கே தெரிந்துவிட்டது என்று. இவ்வளவு நாள் கழித்து யாரோ தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம், இக்னாசி. எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை.

சுரங்கக்காரர்களுக்குக் காவலான புனித பார்பரா திருநாள் வந்தது. பூசை முடிந்து கொடிகளோடு ஊர்வலம் போய் எல்லோரும் பீர்க் கடைக்கு வந்தார்கள். உன் அப்பா அந்தக் கூட்டத்துக்கே பீர் வாங்கினார். இவ்வளவு சிக்கனமான மனிதர். பெஞ்சின் மேல் ஏறி நின்றார், நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். “இருவத்தெட்டு வருஷமா இந்தக் கை கரி வெட்டுது. நான் உள்ள உக்காந்து மறியல் பண்ணியும் இந்தக் கைய விட அவனுங்களுக்கு மனசு வரல பாத்தியா!” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நீ திரும்பி வரப்போவதைக் கிளப் செயலாளர் முந்தின வாரமே அதே கடையில் உளறியிருந்தார், அது உன் அப்பாவைத் தவிர அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். வின்சென்டி மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். தன் பெயர் ஏறிய காகிதம் முந்தின நாள்தான் அவர் கைக்கு வந்திருந்தது, அது எனக்கு அப்போது தெரியாது, மற்ற ஆண்களுக்குத் தெரியும். அவர் டம்ளரைத் தூக்கி, “ஆமாண்டா வாலென்டி! எல்லாம் உன் கையிலதான் இருக்கு. கால்ல ஒண்ணுமே இல்ல!” என்றார்.

கூடமே வெடித்துச் சிரித்தது. ரொம்ப நேரம் சிரித்தார்கள், மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது உன் அப்பாதான். தான் தள்ளாடுவதைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். இறங்கி வந்து வின்சென்டியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். வின்சென்டி அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் துணி அலசும் இடத்தில் அகாத்தா எனக்காகக் காத்திருந்தாள். அவள் கத்தவில்லை. “அக்கா, நீங்க யார்கிட்டயும் போய்க் கேக்கலன்னு எனக்குத் தெரியும். உங்க மகன் ஒத்துக்கிட்டான், அவனும் எங்கள நெனச்சு ஒத்துக்கல. யாரும் எங்கள நெனைக்கவே இல்ல, அதுதான்” என்றாள். பிறகு, போலந்தில் பிரெஞ்சுப் பணம் செல்லுமா, குழந்தைகளுக்கு அங்கே எந்த வகுப்பில் இடம் கொடுப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள், டீச்சர் ஆயிற்றே, எனக்குத் தெரியும் என்று. நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டாள். வின்சென்டியின் பெயரைப் பட்டியலில் ஏன் சேர்த்தார்கள் என்று யாரும் விளக்கவில்லை, நிமோனியாவுக்குப் பிறகு அவர் நெஞ்சு சரியில்லை, அதிகம் வெட்ட முடிவதில்லை, அதுவாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். நமக்கு அடுத்த வீடு, அதுவாகவும் இருக்கலாம். யாரோ ஒருவர் வரிசையில் அடுத்த கதவைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

போனதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ரயில். உன் அப்பா வேலைக்குப் போகாமல் அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நானும் போனேன், போகாமல் இருப்பது அதைவிட மோசம் என்று போனேன். போலீஸ்காரர்கள் வரிசையாக நின்றார்கள். தாய்நாட்டுக்குப் போகிறவர்களுக்காகச் சாமியார் ஜெபம் சொன்னார். ப்ளூட்டா பிள்ளைகள் ஐந்து பேரும் தங்களுக்குள் பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் பிடித்தார்கள், கடைக்குட்டி, “அங்க குழி இருக்குமா, இல்ல சும்மா வயல்தானா?” என்று கேட்டான். வின்சென்டி, “நானே மொதத் தடவையா போறேன்டா, என்னக் கேட்டா? எறங்கினதும் டீச்சரம்மா மாதிரி யாராவது இருப்பாங்க, படத்தக் காட்டி சொல்லுவாங்க” என்றார். உன் அப்பா அழுதார். வின்சென்டி அவரிடம் எதையும் சொல்லாமலே போனார். அவர் சொல்லியிருக்கலாம், ஜன்னலிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் போதும், சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை, கத்தியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

திரும்பி நடந்து வரும்போது உன் அப்பா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நம் தெரு முனைக்கு வந்ததும் நின்றார். “அவன் அன்னிக்கு உள்ளயே இல்ல. நான் இருந்தேன். அவன் ஏன்? நான் ஏன் இல்ல?” என்று கேட்டார். கை என்ற பதில் அவருக்கே போதாமல் போய்விட்டது. நான் உள்ளே போகலாம், குளிருது என்றேன். அன்றிலிருந்து அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பீர்க் கடைக்குப் போவதில்லை. பத்திரிகை படிக்க ஆளில்லை, அதுவும் ஒரு காரணம். ஆனால் யாராவது ஒருவன் ஒரு நாள் குழிக்குள் அவரிடம் சொல்லத்தான் போகிறான், விளக்கை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சொல்லப் போகிறான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆரம்பித்து அந்த வரியை அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. நீ எங்களைக் கேட்கவில்லை. அப்பா அம்மாவை ரயிலில் ஏற்றுவார்கள் என்று ஒருவன் வந்து சொன்னான், நீ முப்பத்தைந்து வரையிலான உன் பதின்மூன்று வருஷத்தை எடுத்து நீட்டிவிட்டாய், பந்து வந்ததும் யோசிக்காமல் உதைப்பது மாதிரி. நல்ல பிள்ளை செய்வதுதான் அது. அந்த நல்ல பிள்ளைத்தனத்தை வைத்துத்தான் அவர்கள் இத்தனை பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அப்பனைக் காட்டி மகனை, மகனைக் காட்டி அப்பனை. எந்தக் குழியிலிருந்து நீ காலால் ஏறி வெளியே போனாயோ, அதன் வாசலுக்கே அந்தக் காலை வைத்தே உன்னைக் கூட்டிவருகிறார்கள், மேளதாளத்தோடு. இன்னொன்று, நீ என்னிடம் மறைப்பது. அக்டோபரில் பத்திரிகையில் வந்த படத்தில் நீ வலது காலில் பாரம் போடாமல் நிற்கிறாய். அதற்கு முந்தின படத்திலும் அப்படியே. உன்னை நடக்கப் பழக்கியவள் நான், என்னிடம் மறைக்க முடியாது. அந்த முழங்காலைப் பற்றி லெகாமிடம் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் அவருக்கே தெரிந்துவிடும், அப்போது முப்பத்தைந்து வரை காத்திருக்க மாட்டார், உனக்கென்று வைத்திருக்கும் இடத்தைக் காட்டிவிடுவார். அந்த முழங்காலோடு நீ தவழ்ந்து கரி வெட்டுவாய். அதற்காக வின்சென்டி போனதாக இருக்கும்.

முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு, மதுவைத் தேய்க்காதே, குடிக்கவும் செய்யாதே. நல்ல வைத்தியரிடம் காட்டு, கிளப் வைத்தியரிடம் வேண்டாம், அவர் கிளப்புக்குத்தான் வைத்தியர். சீட்டாட்டத்தில் பணம் வைக்காதே. அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று விசாரி, நீ பிரெஞ்சுக் குடிமகன், உன்னை எந்த ரயிலிலும் ஏற்ற முடியாது. உன் அப்பா போட்ட கையெழுத்துக்கு அந்த ஒரு பலனாவது இருக்கட்டும்.

இந்த உறைக்குள் மெல்லிய காகிதத்தில் மடித்து, மந்திரித்த கிறிஸ்துமஸ் அப்பத்தின் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜைக்கு வர முடியாதவர்களுக்குத்தான் இதைத் தபாலில் அனுப்புவோம் என்று உனக்குத் தெரியும். அட்டையில் நீ வருகிறேன் என்று எழுதியும் நான் அனுப்புகிறேன். ஆமாம், வராதே. அந்த ஹங்கேரிக்காரனோடு உடைத்துப் பகிர்ந்து சாப்பிடு, அவனுக்கும் அம்மா இருப்பாள். தேவமாதாவும் எல்லாப் புனிதர்களும் உன் காலையும் உன் புத்தியையும் காக்கட்டும், நீ நூறு வயது வெளிச்சத்தில் நடக்க என் ஆசீர்வாதம். லெகாமின் ஆள் திரும்ப வந்தால் கதவைத் திறக்காதே, எதிலும் கையெழுத்துப் போடாதே.

அவர்கள் உன்னை வாங்க எங்களைத்தான் விலையாக வைத்திருக்கிறார்கள். அந்த விலை அவர்கள் கையில் இருக்கக் கூடாது. இதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சாமியாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் எழுதுகிறேன். நாளை காலை இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, நேரே கம்பெனி அலுவலகத்துக்குப் போய், ஜனவரி ரயிலில் எங்கள் இருவர் பெயரையும் எழுதச் சொல்லப் போகிறேன். எண்ணிக்கை குறையக் கூடாது என்றாரே லெகாம், எங்களுக்குப் பதிலாகப் பட்டியலில் இருக்கும் யாரோ ஒரு குடும்பத்தின் பெயரை அவர்கள் அடித்துவிடட்டும். வெளியே வந்த பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்வேன், அவர் என்னை அடித்தாலும் சரி. அவரையும் கேட்காமல்தான் செய்கிறேன், உனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது தெரிகிறது.

உன் அம்மா
சலோமியா